பலூனுக்குச் சவரம்

— காதுன்னு சொல்லாத மாப்ள. கத்தி பட்டது காது மடலோட நுனியில. ஒரு பட்டாணி அளவுகூட இருக்காது.

— ஆறு தையல் போட்டிருக்காங்க மாமா. நான்தானே கூட்டிட்டுப் போனேன்.

— பட்டாணிக்கு ஆறு தையலா? அந்த டாக்டருக்கு இன்னிக்கு வேற ஆளே வரலைன்னு அர்த்தம்.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கலடா. பயந்தா எனக்குப் பல்லு தானா வெளிய வரும், உனக்குத் தெரியாதா. சரி, காதுக்காரர் என்ன சொன்னார்?

— திட்டக்கூட இல்ல. பதினெட்டு வருஷமா உங்க நாற்காலியில மட்டும் உக்கார்ற மனுஷன். காதுல பஞ்சை வச்சுக்கிட்டு, உங்க மாமாவுக்கு உடம்புக்கு என்னன்னு கேட்டார். அவ்வளவுதான்.

— நல்ல மனுஷன். ஆனா சவரம் பண்ணும்போது தலையை ஆட்டக்கூடாது. போன் அடிச்சுதுன்னு சட்டுனு திரும்பிட்டார்.

— அவர் தூங்கிட்டிருந்தார் மாமா. வாயைத் தொறந்துகிட்டு.

— தூக்கத்துல திரும்பியிருப்பார்.

— எனக்கு எதிர்ல இருக்கறது கண்ணாடி. பக்கத்து நாற்காலியில என்ன நடந்தாலும் தெரியும். கத்தி உங்க விரல்ல இருந்து நழுவிச்சு, நீங்க அதைப் பாய்ஞ்சு பிடிக்கப் போனீங்க. விழற கத்தியைப் பிடிக்காதே, விழட்டும், தள்ளி நில்லுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்க.

— சொல்லிக்கொடுக்கறது ரொம்பச் சுலபம் மாப்ள. அதனாலதான் எல்லாரும் வாத்தியார் ஆயிடறாங்க.

— எத்தனை நாளா மாமா?

— என்ன எத்தனை நாளா?

— போன வாரம் ஒத்தைச் செருப்போட கடைக்கு வந்தீங்க. இன்னொண்ணு தெருமுனையில கிடந்துச்சு, பால்காரர் எடுத்துட்டு வந்தார். கழண்டு போனதே உங்களுக்குத் தெரியல. இன்னிக்குக் காலையில உங்க சட்டைக்குப் பட்டன் போட்டது அக்கா.

— பொண்டாட்டி புருஷனுக்குப் பட்டன் போட்டா அது வியாதியா? இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பாசம் பொங்கிடுச்சுன்னு நானே சந்தோஷத்துல இருந்தேன்.

— மாமா.

— எட்டு மாசம். போதுமா? தலை குனிஞ்சா முதுகுல சுரீர்னு கரண்டு இறங்குது. விரல் என்னோடதுதான், ஆனா வாடகைக்கு வாங்கின மாதிரி இருக்கு. சீப்பைப் பிடிச்சா சீப்புதானா, கத்தரியான்னு பார்த்துத்தான் சொல்ல முடியுது. சின்னப் பசங்க தலையெல்லாம் நீ உன் பக்கம் இழுத்துக்கிட்டியே, அதுக்கும் இதுதானே காரணம்? நானும் கேக்கல, நீயும் சொல்லல.

— இன்னிக்குக் காது. கொஞ்சம் கீழ இறங்கியிருந்தா கழுத்து.

— தெரியும்டா. அதைத்தான் மத்தியானத்துல இருந்து நினைச்சு நினைச்சுப் பல்லைக் காட்டிட்டிருக்கேன். தரையில ரத்தம் இன்னும் இருக்கா?

— துடைச்சுட்டேன்.

— அப்போ ஷட்டரை இறக்கு. வா, ஒரு டாக்டர்கிட்ட போய்க் காட்டிட்டு வரலாம்.

*

— இன்னும் கொஞ்சம் குனியுங்க மாமா.

— இதுக்கு மேல குனிஞ்சா கரண்டு அடிக்கும்.

— சரி, அப்படியே இருங்க. நான் குனிஞ்சுக்கறேன்.

— ஆபரேஷனுக்கு முன்னாடி வார்டுல வச்சு அவங்களே மழிச்சு விடுவாங்களாம். அந்த நர்ஸம்மா சொன்னா, மெஷினை வச்சு ஒரே இழுப்பு, ஒரு நிமிஷம்னு. நான் ஒத்துக்கல. முப்பது வருஷமா ஊர்த் தலையெல்லாம் பார்த்தவன், என் தலையை மட்டும் எவன்கிட்டயோ கொடுத்துட்டுப் படுத்திருக்கணுமா? என் கடையிலதான் நடக்கும், நாளைக்கு வரும்போது மழமழன்னு வரேன்னு சொல்லிட்டேன்.

— எதுவரைக்கும் எடுக்கச் சொன்னாங்க?

— ரெண்டு காதுக்கும் நடுவுல ஒரு கோடு. அதுக்குக் கீழ ஒண்ணும் இருக்கக்கூடாது. பின்பக்கமாத் திறக்கறாங்களாம். கழுத்துல தண்டுவடம் போற பாதை சுருங்கிப் போச்சு, தண்ணிக் குழாய் மேல யாரோ கால் வச்சு நிக்கற மாதிரின்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பின்னால எலும்பை எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் கம்பி வச்சு, எட்டுத் திருகு போடுவாராம். எட்டு, மாப்ள. இந்த நாற்காலிக்கே ஆறுதான்.

— ஆடாதீங்க.

— மூணு டாக்டரைப் பார்த்தாச்சு. முதல் ஆள், பண்ணிக்கறது நல்லது, ஆனா முடிவு உங்க கையிலன்னார். ரெண்டாவது ஆள், கொஞ்ச நாள் பார்க்கலாம், பார்த்தா என்ன ஆகும்னு சொல்ல முடியாது, முடிவு உங்க கையிலன்னார். மூணாவது ஆள் தேதியே கொடுத்துட்டார், கொடுத்துட்டு அவரும் அதையேதான் சொன்னார். ஒரு கிளாஸ் தண்ணி நிக்க மாட்டேங்குது இந்தக் கையில. அதுல போய் முடிவை வைக்கறாங்க.

— அக்கா என்ன சொன்னா?

— உங்க இஷ்டம்னா. சொல்லிட்டு உள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அரை மணி நேரம் ஒரே தட்டைக் கழுவினா. பக்கத்துக் கடைத் தையல்காரர், என் சிநேகிதனுக்கு இதே ஆபரேஷன், இப்போ மாடி மாடியா ஏறறான்னார். அதைக் கேட்டுட்டு டீக்கடைக்குப் போனா, டீ போடறவன், எங்க தெருவுல ஒருத்தர் இதே ஆபரேஷனுக்குப் போனார், வரும்போது நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்கன்னான். டீ ஆறிப்போச்சு, அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

— அவங்க பேச்சையெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க.

— நூத்துல ரெண்டு பேருக்குக் கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாமப் போகலாமாம். டாக்டரே சொன்னது. அந்த ரெண்டு பேர் யாருன்னு யோசிக்கறேன். நான் வரிசையில நின்னா எப்பவுமே ரெண்டாவது ஆளாத்தான் நிப்பேன்.

— மாமா, இங்க ஒரு பழைய மரு இருக்கு. சுத்தி எடுக்கறேன்.

— பயமா இருக்குடா.

— தெரியுது. பின்கழுத்துல முடியெல்லாம் குத்திட்டு நிக்குது.

— நீயா இருந்தா பண்ணிக்குவியா? சும்மா சொல்லாத.

— பண்ணிக்குவேன்.

— பண்ணினா கை வந்துடும் இல்ல?

— காதுப் பக்கம் வரேன். பேசாதீங்க, தாடை ஆடுது.

— வந்துடும். தேதி கொடுத்த டாக்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். நேரடியா இல்ல. பார்க்கலாம்னார். முகத்தை வச்சுத்தான் நாம கண்டுபிடிக்கணும். நாம முகத்துலயே பிழைக்கறவங்க, நமக்குத் தெரியாதா.

— துண்டைக் கொஞ்சம் பிடிங்க. அந்தக் கை இல்ல, இடது கை.

— ஒண்ணு சொல்றேன் கேளு. கைக்காகத்தான் போய்ப் படுக்கறேன். கால் தடுமாறுதா, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடப்பேன். அதுவும் முடியலையா, ஒரு ஓரமா உக்காந்து போற வர்றவனைக் கிண்டல் பண்ணிட்டிருப்பேன். அதுக்கெல்லாம் ஒருத்தன்கிட்ட கழுத்தைத் திறந்து காட்ட மாட்டேன். கத்தி பிடிக்கணும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்.

— முடிஞ்சுது மாமா.

— கண்ணாடியைக் காட்டு. பின்னால பிடி. இன்னும் மேல. ம். கோடு நேரா இருக்கு. ஒரு கீறல்கூட இல்ல.

— தண்ணி தெளிச்சு விடட்டுமா?

— தெளி. குளிர்ச்சியா இருக்கட்டும். ஏன்டா சட்டையிலயே ஊத்தற? படுக்கப்போறது நானு.

*

— கதவை மெல்லத் திற மாப்ள. பலூன் உருளுது.

— இது எத்தனாவது மாமா?

— இன்னிக்கு இது நாலாவது. மூணு வெடிச்சுடுச்சு. ஒவ்வொண்ணு வெடிக்கும்போதும் உங்கக்கா உள்ள இருந்து ஒரு துள்ளு துள்ளறா, இப்போ பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா. பலூன் விக்கற ஆளு, உங்க வீட்ல மட்டும் வாராவாரம் யாருக்குப் பிறந்தநாள்னு கேட்டான்.

— முகத்துல எல்லாம் நுரை தெறிச்சிருக்கு.

— இருக்கட்டும். நீ வேலைக்குச் சேர்ந்தப்போ உனக்கு என்ன கொடுத்தேன்? மூணு மாசம் பலூன். ஊதிக் கட்டி, நுரை பூசி, கத்தியால வழிச்சு எடுக்கணும், வெடிக்கக்கூடாது. வரிசையாப் பத்து பலூன் பிழைச்சாத்தான் மனுஷ முகத்துல கை வைக்கலாம். இப்போ என்னை நானே திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கிட்டேன். முதலாளி கொஞ்சம் கறாரான ஆளு.

— வரிசையா எத்தனை வந்திருக்கு?

— ஒண்ணு. போன செவ்வாய்க்கிழமை. அதுவும் காத்துக் குறைஞ்ச பலூன், என் கன்னம் மாதிரி தொளதொளன்னு இருந்துச்சு. கணக்குல சேர்க்கலாமா வேண்டாமான்னு முதலாளி யோசிச்சுட்டிருக்கார்.

— நடை நல்லா இருக்கு மாமா. வாசல்ல நின்னு பார்த்தேன், கூடத்துல சுவரைப் பிடிக்காம நடந்தீங்க.

— நடை பிரமாதம். முதல் வாரம் ஞாபகம் இருக்கா? நீயும் உங்கக்காவும் சேர்ந்து என்னைப் பாயைச் சுருட்டற மாதிரி ஒருக்களிச்சுத் திருப்பினீங்க. ஆறு வாரம் கழுத்துல பட்டை, திரும்பணும்னா ஆளே திரும்பணும். இப்போ தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரேன், ரெண்டு செருப்போட. அதையெல்லாம் யாரு கேட்டா? கையைப் பாரு. நாலு மாசம் ஆச்சு.

— பயிற்சிக்குப் போறீங்க இல்ல?

— போறேன். ஒரு கிண்ணத்துல இருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் பட்டனை ஒவ்வொண்ணா எடுத்துப் போடணும். நிமிஷத்துக்கு எட்டு போடறேன். முதல் நாளும் எட்டுதான். பயிற்சி கொடுக்கற பொண்ணு கை தட்டறா. என் வயசுல ஒருத்தி கை தட்டினா ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். கை வருமாம்மான்னு கேட்டேன், விடாம முயற்சி பண்ணுங்கங்கறா. டாக்டரைக் கேட்டேன், நடை அருமையா இருக்கேங்கறார். உங்கக்காவைக் கேட்டேன், சாப்பிட வரீங்களாங்கறா. கேள்வி ஒண்ணு, பதில் மட்டும் ஊர் முழுக்க வேற வேற.

— மெதுவாப் பார்க்கலாம் மாமா. எதுக்கு அவசரம்.

— திங்கக்கிழமை கடைக்கு வரேன்.

— வாங்க. உக்காந்து பேசிட்டிருங்க. நீங்க இல்லாம கடையே கல்லு மாதிரி இருக்கு.

— பேசறதுக்கு இல்ல. வேலைக்கு. அதுக்கு முன்னாடி ஒரு முகம் பார்த்துடணும். பலூனுக்குத் தாடையும் இல்ல, குழியும் இல்ல, அதை வச்சு என்னத்தைத் தெரிஞ்சுக்கறது. உக்காரு.

— நானா?

— வேற யாரு? நாலு நாள் தாடி இருக்கு. அந்த ஸ்டூலை இழுத்து ஜன்னலுக்கு நேராப் போட்டு உக்காரு.

— சரி மாமா.

— துண்டை நீயே போட்டுக்கோ. முடிச்சு எனக்கு வராது. தலையைச் சாய்ச்சுக்கோ. நுரை சில்லுனு இருக்கா?

— இல்ல.

— பிரஷ்ஷு நல்லாவே சுத்துது பார்த்தியா. கத்திக்குத்தான் கோபம். இரு, விரலை வச்சுக்கறேன். பெருவிரல் இங்க. சுண்டுவிரல்... அது எங்கடா போச்சு, இந்தா இருக்கு. என்ன மாப்ள, கண்ணை மூடிட்டே?

— சும்மாதான்.

— என் கத்திக்குக் கீழ கண்ணை மூடினவங்க எல்லாரும் தூங்கினவங்க. நீ தூங்கல. ஸ்டூலை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டிருக்க.

— நீங்க பண்ணுங்க மாமா. ஒண்ணும் ஆகாது.

— வெட்டு வாங்கிக்கறேன்னு உக்காந்திருக்க. அப்படித்தானே? எழுந்திரு. முகத்தைத் துடை. நான் கத்தியைக் கீழ வச்சுட்டேன், பாரு. இப்போ நீ எனக்கு ஒரு சொல்லு சொல்லணும். நான் ஜோக் அடிக்க மாட்டேன், நீயும் தாடை ஆடுதுன்னு சொல்ல முடியாது. இந்தக் கை வருமா?

— வராது மாமா.

— யாரு சொன்னா?

— டாக்டர்.

— எப்போ? போன தடவை போனப்பவா?

— ஆபரேஷனுக்கு முன்னாலயே. தேதி கொடுத்த அன்னிக்கு. நீங்க திரைக்குப் பின்னால சட்டையோட மல்லுக் கட்டிட்டிருந்தீங்க, ரொம்ப நேரம் ஆச்சு. அப்போ நான் கேட்டேன். கையில போனது போனதுதான், ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க, இந்த ஆபரேஷன் காலையாவது காப்பாத்தறதுக்குன்னார். பண்ணலைன்னா ஒரு வருஷத்துக்குள்ள படுக்கை, அப்புறம் மூத்திரம்கூட அடக்க முடியாதுன்னார். நானே அவர்கிட்ட தெளிவாச் சொல்லிடறேன்னு எழுந்திரிச்சார். நான்தான் வேண்டாம்னேன். வீட்ல வச்சுப் பக்குவமாச் சொல்லிக்கறேன்னு டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டு வந்தேன்.

— உங்கக்காவுக்குத் தெரியுமா?

— தெரியாது. யாருக்கும் தெரியாது.

— கைக்காக மட்டும்தான் படுக்கறேன்னு உன்கிட்டதானேடா சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லல.

— அதனாலதான் சொல்லல மாமா. சொல்லியிருந்தா நீங்க படுத்திருக்க மாட்டீங்க. நடக்கற மாமா இருந்தாப் போதும், கை இல்லாட்டிப் பரவாயில்லைன்னு நான் முடிவு பண்ணிட்டேன். உங்களைக் கேக்கல.