பேர் இல்லாத பூச்சி

ஜெகதீஷ்: ...என்னாது, பேரே இல்லீங்களா? பூச்சிக்கு எப்படிங்க மேடம் பேர் இல்லாம இருக்கும்?

நிர்மலா: இதுவரைக்கும் யாரும் பாத்ததில்லைங்க. எங்க தோட்டக்கலை ஆபீஸ்லருந்து பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துல காட்டினோம், வெளிநாட்டுக்குப் படம் அனுப்பினோம். எல்லாரும் ஒரே பதில்தான்... புதுசு.

பூங்கொடி: நம்ம பாலிஹவுஸ் கூடாரத்துக்குள்ளயா!

நிர்மலா: ஹாலந்துலருந்து வந்துச்சே உங்க ரோஜாச் செடி, அதோட மொட்டுக்குள்ள. போன மாசம் சோதனைக்குக் கிள்ளிட்டுப் போனேன்ல... அதுலதான் இருந்துச்சு.

பூங்கொடி: அய்யோ... மஞ்சத்தூள் மாதிரி ஒட்டிட்டிருந்துச்சே, அதுங்களா?

நிர்மலா: அதேதான்.

பூங்கொடி: தூசின்னு நெனச்சு ஊதி விட்டுட்டேனே மேடம்!

ஜெகதீஷ்: உன்ன யாருடி ஊதச் சொன்னா?

பூங்கொடி: பின்ன? தூசிய ஊதாம கும்பிடுவாங்களா?

நிர்மலா: சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க...

ஜெகதீஷ்: சரி, மருந்து சொல்லுங்க. இன்னிக்கே அடிச்சிடறேன்.

நிர்மலா: எந்த மருந்துக்குச் சாகும்னே தெரியாதுங்க. அதனால...

ஜெகதீஷ்: அதனால?

நிர்மலா: செடி மொத்தத்தையும் எரிக்கச் சொல்லி மேலிடத்துலருந்து சொல்லிட்டாங்க.

பூங்கொடி: மொத்தமுமா...

ஜெகதீஷ்: மேடம், பிப்ரவரி காதலர் தின சீசனுக்கு வெச்ச செடிங்க. மொதப் பூவே இன்னும் வெட்டல. வெளையாடாதீங்க.

நிர்மலா: எனக்கு மட்டும் ஆசையா? இது வெளிய பரவுச்சுன்னா ஓசூர்ல ஒரு ரோஜா மிஞ்சாதுங்க. அதான் கேக்கறேன். சோதனை முடியற வரைக்கும் ஒரு செடிகூட இங்கிருந்து போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். ஏதாச்சும் போச்சா?

ஜெகதீஷ்: ...போகல.

பூங்கொடி: ஏங்க...

ஜெகதீஷ்: நீ சும்மா இரு.

நிர்மலா: ஒரு தொட்டி? ஒரு கிளை?

ஜெகதீஷ்: சாமி சத்தியமா போகலீங்க.

நிர்மலா: அது ரோஜாவோட நிக்கல. கத்திரிச் செடியிலயும் ஏறுது. பிஞ்செல்லாம் சுருண்டு கருகிப் போகுது.

ஜெகதீஷ்: கத்திரியிலயா? இங்க ஏதுங்க கத்திரி? உங்களுக்கு எப்படி...

பூங்கொடி: போதுங்க! நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?

ஜெகதீஷ்: பூங்கொடி...

பூங்கொடி: அக்கா கத்திரிதானே போட்டிருக்காங்க!

நிர்மலா: எந்த அக்கா?

ஜெகதீஷ்: ...என் கூடப் பொறந்தவங்க. சம்பங்கி. தொரப்பள்ளியில இருக்காங்க.

நிர்மலா: ம்... சொல்லுங்க.

ஜெகதீஷ்: புது வீட்டுக்குக் குடி போனாங்க. வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு... ரெண்டு ரோஜாத் தொட்டிய நான்தான் தூக்கிட்டுப் போய் வாசல்ல வெச்சேன்.

நிர்மலா: வெளிய போகக் கூடாதுன்னு சொன்னதுக்கு அப்புறமா?

ஜெகதீஷ்: ரெண்டே ரெண்டுதானேன்னு... தப்புதாங்க. ஆனா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இருந்ததையெல்லாம் போட்டு வீட்டக் கட்டிட்டாங்க. இப்ப அந்தக் கத்திரித் தோட்டத்த நம்பித்தான் சாப்பாடு. எம்மேல என்ன கேஸ் வேணா போடுங்க. இந்தச் செடிங்களயும் நானே எரிச்சுடறேன். அக்கா தோட்டத்துல மட்டும் கை வெச்சிடாதீங்க...

நிர்மலா: அந்தத் தோட்டம் இப்ப இல்லைங்க.

பூங்கொடி: என்ன மேடம் சொல்றீங்க?

நிர்மலா: நேத்து அவங்களே சுருண்ட கத்திரி இலைய எடுத்துட்டு எங்க ஆபீசுக்கு வந்தாங்க. லென்ஸ்ல பாத்தா... இதே பூச்சி. உடனே அவங்க வீட்டுக்குப் போனேன், வாசல்ல இருந்த ரோஜாத் தொட்டியில அதவிட அதிகம்.

ஜெகதீஷ்: அக்கா... என்ன சொன்னாங்க?

நிர்மலா: "எரிச்சாத்தான் அக்கம்பக்கத்துத் தோட்டம் பொழைக்கும்"னேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. ஒவ்வொரு செடியா அவங்களே பிடுங்கிப் போட்டு, அவங்க கையாலயே தீ வெச்சாங்க.

பூங்கொடி: அய்யோ, தேவுடா...

ஜெகதீஷ்: அப்ப... எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்டக் கேட்டீங்களா?

நிர்மலா: இல்லைங்க. தொட்டி யார் குடுத்ததுன்னு எத்தனையோ தடவ கேட்டேன். "என் தோட்டத்த எரிச்சுக்க கண்ணு, அத மட்டும் கேக்காத"ன்னு அழுதாங்களே தவிர, வாயத் திறக்கல. அது நீங்கன்னு... இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.