வாசற்படிக்கு எடுத்த கல்

கோணலான ஜன்னலைக் கண்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அது ஒரு குறைதான், ஐயா. ஆனால் கட்டட வேலை மேற்பார்ப்பவனுக்கு இருக்க வேண்டிய குறை.

என் பெயர் சிதம்பரநாதன். பதுளையில் எங்களுக்குக் கடை உண்டு. எனக்கு வியாபாரம் ஒட்டவில்லை. 1908இல் அப்புத்தளைக்கு அப்பால் ஒரு தோட்டத்துத் துரைக்கு வீடு கட்டப் போனேன். இங்கிலாந்தில் அவருடைய பாட்டனார் வாழ்ந்த பட்டணத்து வீட்டின் படத்தை என் முன் விரித்தார். மூன்று மாடி. நடுவில் கதவு, அதன் மேல் விசிறிபோல் விரிந்த அரைவட்டக் கண்ணாடி. மேல்மாடிக்குப் போகப் போக ஜன்னல்கள் சிறுத்துக்கொண்டே போகும். பக்கச் சுவர்களில் ஒரு ஜன்னலும் இல்லை. அந்த ஊரில் இருபக்கமும் வேறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நின்றனவாம். இங்கே இருபக்கமும் தேயிலை. ஜன்னல் வைத்தால் வெளிச்சம் வருமே என்று சொல்லிப் பார்த்தேன். படத்தில் இல்லாதது வேண்டாம் என்றார். அன்றே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

வாசலுக்கு ஐந்து படிகள். ஒரே நிறத்தில், செதுக்கிய கருங்கல் வேண்டும். எங்கெங்கோ தேடினேன். கடைசியில், தொழிலாளர்களின் ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்துக்குப் பின்னால் மண் சரியாமல் கட்டியிருந்த தடுப்புச் சுவரில் அப்படிப்பட்ட கல் கிடைத்தது. அருமையான வேலைப்பாடு. யார் கண்ணிலும் படாமல் அங்கே வீணாகிக்கொண்டிருந்தது.

கல்லைப் பெயர்க்கும்போது, அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருந்த பெரியாயி கொழுந்துக் கூடையோடு வந்து நின்றாள்.

"அந்தக் கல்ல எடுத்தா மண்ணு வந்துருமுங்க."

"மூங்கில் தட்டி வச்சுத் தர்றேன்."

"தட்டி மலையத் தாங்குமாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் தட்டியை வைத்தேன். சொன்ன சொல் தவறவில்லை.

ஐப்பசியில் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம், கடைசி இரண்டு காம்பராக்களில் இருந்த ஒன்பது பேர் புது வீட்டு வாசலுக்கு ஏறி வந்தார்கள். துரை கொழும்புக்குப் போயிருந்தார். வீடு காலி; சாவி என்னிடம். பெரியாயி படியில் கால் வைக்காமல் மழையில் நின்றே பேசினாள்.

"பின்சுவரு பிதுங்குதுங்க ஐயா. புள்ளைங்கள மட்டுமாவது உள்ள விடுங்க."

முன்கூடத்துச் சுண்ணாம்புப் பூச்சு அன்று காலைதான் முடிந்திருந்தது. ஈரச் சுவரில் ஒரு பிள்ளையின் கை பட்டால் போதும், அந்தத் தடம் என்றைக்கும் தெரியும்.

"ஒண்ணும் ஆகாது. இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். வீட்டுக்குப் போங்க" என்றேன்.

நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் நம்பினார்கள். "ஐயாவே பாத்துட்டாங்களாம்" என்று பெரியாயி பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள். நான் கதவைப் பூட்டினேன்.

நாலு மணிக்கு மண் இறங்கியது. ஒன்பது பேரையும் எடுக்க இரண்டு நாள் ஆனது. பிள்ளைகள் நாலு பேர். வீட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. துரை வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டார்.

முதல் விசாரணையில் மழையால் நேர்ந்தது என்று எழுதி முடித்துவிட்டார்கள். அது சரியில்லை, ஐயா. கல்லை எடுத்தவன் நான். பொய் சொல்லித் திருப்பி அனுப்பியவனும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கொலைகாரன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. பூச்சு காய்ந்திருந்தால் நானே கதவைத் திறந்து விட்டிருப்பேன்.