ரசலையனின் கட்டுப்பல்

மேம்பாலம் வந்ததிலிருந்து மார்த்தாண்டத்தில் என் கடைக்குப் பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது. மற்றபடி குறை ஒன்றுமில்லை, ஜிஷா. பல்செட் கட்டுகிறவனுக்கு என்றைக்கும் வேலை உண்டு.

உன் அப்பா பம்பாய் ஓட்டல்களிலும் கப்பல்களிலும் வாசித்த ஜாஸ் பாட்டுகளைத் தேடிப்பிடித்து ரெக்கார்டாகப் போடுகிறாய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். கூட வரும் சின்னப் புத்தகத்துக்காக போனில் ஒன்று கேட்டாய்: "அப்பா ஏன் மாமா பெட்டெண்ணு ஊதுறத நிறுத்தினாவ?" அது திடீரென்று நின்ற காரணத்தைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

நானும் உன் அப்பா ரசலையனும் சர்ச் பேண்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ட்ரம்பெட் பழகியவர்கள். அவன் முதல் ட்ரம்பெட், நான் இரண்டாவது. ராகம் முதல் ட்ரம்பெட்டில்தான் இருக்கும். இரண்டாவது அதற்கு அடியில் துணைக்குப் போகும். அதைத் தனியாக வாசித்தால் என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது. இருபது வயதில் அவன் பம்பாய்க்கு வண்டியேறினான். அதற்குப் பின் முப்பத்தெட்டு வருஷம் வேறு யார் யார் பக்கத்திலோ உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தனோடும் ஒட்டவில்லை. கல்யாணமும் அமையவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் வந்து நிற்கிற பத்து நாளுக்காகத்தான் மிச்ச நாட்களை ஓட்டினேன்.

உன் அம்மா போனபிறகு அவன் ஊரோடு வந்துவிட்டான். சாயங்காலமானால் கடைக்கு வருவான். ஃப்ளூகல்ஹார்ன் வைத்திருந்தானே, ட்ரம்பெட்டுக்குத் தடித்த தம்பி மாதிரி, அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிப்பான். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஊதுவான். ட்ரம்பெட் மாதிரி அது சண்டைக்கு வராது, பக்கத்தில் வந்து உட்காரும். நான் அடியில் துணைக்குப் போவேன். பதினோரு மாசம் அப்படி இருந்தேன்.

அப்புறம் ஒரு கப்பல் கம்பெனி கூப்பிட்டது, மூன்று வருஷத்துக்கு. போகிறேன் என்றான். எனக்குப் பயமாக இருந்தது. மறுபடி அந்தக் கடையில் தனியாக உட்கார என்னால் ஆகாது. அதே வாரம் அவனுக்கு முன்பல்லில் வலி வந்தது.

"லேய் ஞானையா, இது நொம்பலப்படுது. கப்பல்ல ஏறதுக்கு மின்ன ஒண்ணு பாரு."

பார்த்தேன். ஈறில் கொஞ்சம் வீக்கம். உப்புத்தண்ணீர் கொப்பளித்தால் நாலு நாளில் வற்றியிருக்கும். வேர் அழுகிவிட்டது, பக்கத்துப் பல்லுக்கும் பரவிவிட்டது என்றேன். நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டான்.

"ட்ரம்பெட் தெரிஞ்ச பல் டாக்டர் அங்க ஆரு இருக்கா?" என்றேன்.

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஊதுகிறவன் பல்லை ஊதுகிறவன்தான் தொட வேண்டும் என்பது எங்கள் பேண்டில் பழக்கம். வாயைத் திறந்தான். நல்ல பற்கள், இரண்டும் லேசில் வரவில்லை.

கட்டுப்பல்லை மூன்றாம் நாளே சரியாகச் செய்து முடித்தேன். அதை டிராயரில் வைத்துவிட்டு வேறொன்று செய்து மாட்டினேன். அது அரை மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கும். சாப்பிடலாம், சிரிக்கலாம், சர்ச்சில் பாடலாம். ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தினால் மட்டும் அசையும். எவ்வளவு அசைந்தால் சத்தம் உடையும் என்பது இரண்டாம் ட்ரம்பெட்டுக்காரனுக்குத் தெரியும். கப்பல் அவனில்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமைதோறும் வருவான். நான் பல்லை அரத்தால் ராவிக் கொடுப்பேன். ஊதிப் பார்ப்பான், காற்றுதான் வரும். "செரியாவும்லே, பொறு" என்பேன். ஆறு வருஷம் ராவினேன். ஒருநாள் அவன் உட்கார்ந்து அழுதான். எனக்கு மனசு கேட்கவில்லை, டீயோடு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன்.

போன வருஷம் அவன் இறந்த சேதி கேட்டு நீ பஹ்ரைனிலிருந்து வந்தாய். பெட்டியில் வைக்கும்முன், முகம் ஒட்டிப்போயிருக்கிறது, பல்லை மாட்டிவிடுங்கள் என்று என்னிடம்தான் சொன்னாய். நான் மாட்டியது டிராயரில் இருந்த அந்த முதல் பல்லை. கச்சிதமாக உட்கார்ந்தது.

"இப்பத்தான் மாமா, அப்பா பழைய அப்பா மாதிரி இருக்காவ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

இப்போதும் வெள்ளிக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் பாகத்தை வாசிக்கிறேன். பக்கத்து பேக்கரிக்காரர் அது என்ன பாட்டு என்று கேட்கிறார்.

இதையெல்லாம் நீ அப்படியே புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. அந்த ஆறு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவன் வராமல் இருந்ததில்லை. என்மேல் பிரியம் இல்லாதவன் அப்படி வருவானா?