கடிகாரக்காரர் வீட்டு மாடி அறை

இரவு பதினொன்றே கால். தண்டவாளத்தை ஒட்டிப் போகும் நீளமான சாலை. ஒரு பக்கம் மதில். மறுபக்கம் பூட்டிய கிடங்குகள். நான்கு விளக்குக் கம்பங்களில் மூன்று எரியவில்லை. எரிந்த ஒன்றும் அணைவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சாலையில் ஒரு பெண் தன்னந்தனியாக நடந்து வந்தாள்...

போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். இது நம் கம்பவுண்டரின் சித்தி மகளுக்கு நடந்தது. கம்பவுண்டர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பாரே தவிர, பொய் சொல்கிற ஆளில்லை. அது உங்களுக்கே தெரியும்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். மருந்தாளுநர் படிப்புக்காக அந்தப் பெரிய நகரத்துக்குப் போயிருந்தாள். பகலில் கல்லூரி. சாயங்காலம் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. அந்த நகரத்தில் படிக்க இடம் கிடைத்துவிடும். படுக்க இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. சின்னவள் வாடகைக்கு எடுத்திருந்தது வீடு இல்லை, அறை இல்லை, முழுக் கட்டில்கூட இல்லை. அரைக் கட்டில். இரவு பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை அவளுக்கு. எட்டு மணிக்கு நைட் டியூட்டி முடித்து ஒரு நர்ஸ் அக்கா வந்து காலணியைக் கழற்றிக்கொண்டே நிற்பாள். சின்னவள் எழுந்த சூடு ஆறுவதற்குள் அவள் படுத்துவிடுவாள். ஒரே அறையில் இப்படி ஆறு கட்டில், பன்னிரண்டு பேர். சோப்பைக்கூட டப்பாவில் போட்டுப் பைக்குள் ஒளித்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சின்னவள் பொறுத்துக்கொண்டாள். ஊரே அப்படித்தான் என்று இருந்தாள். ஒட்டடையின் அறையைப் பார்க்கும் வரைக்கும்.

ஒட்டடை அவளோடு படிப்பவள். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், ஒல்லி. அதனால் அந்தப் பெயர். அப்பா, அம்மா இல்லை. தூரத்து மாமா ஒருவர் படிக்க வைத்தார். ஒரு நாள் நோட்டுக் கொடுக்கப் போன சின்னவளை, “மேல வாடி, ஒரு டீ குடிச்சிட்டுப் போ” என்று கூட்டிப் போனாள்.

கீழே ஒரு கடிகாரம் பழுது பார்க்கும் கடை. பக்கத்தில் மரப்படி. மூன்றாவது மாடியில் தனி அறை. ஜன்னல். மேஜை. கை காலை நீட்டிப் படுக்கலாம், உருளலாம். கொடியில் துணிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் காய்ந்தன. ஜன்னல் விளிம்பில் எலுமிச்சை சோப்பு ஒன்று, யாருக்கும் பயப்படாமல், வெளிப்படையாக உட்கார்ந்திருந்தது. சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு துண்டு.

அந்த ஆணியைத்தான் சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவளுக்கென்று சுவரில் ஒரு ஆணி...

“வாடகை எவ்வளவுடி?”

ஒட்டடை சொன்னாள். சின்னவளின் அரைக் கட்டிலைவிடக் குறைவு.

அன்றிலிருந்து சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் ஒட்டடை கொட்டாவி விட்டால் எரிச்சல். கொட்டாவி விடாமல் தெளிவாக உட்கார்ந்திருந்தால் அதைவிட எரிச்சல். “நல்லாத் தூங்குறா... தூங்க மாட்டாளா பின்ன” என்று மனசு பொருமும். தேர்வில் ஒட்டடை முதலாவதாக வந்த நாள், விரிப்பு மடித்த கை நின்றுவிட்டதாம். மேற்பார்வையாளர் அம்மா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நினைவு வந்ததாம்.

அடுத்த நாளே வீட்டுக்காரரான கடிகாரக்காரரிடம் போய், இல்லாததைச் சொல்லி வத்தி வைத்துவிட்டாள்.

அவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, குனிந்தபடியே கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்க ஐயா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மேல இருக்கறவ ராத்திரியில காசு வாங்கிட்டு இன்னொருத்தியையும் தங்க வெக்கிறா.”

அவர் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது.

“இன்னொருத்தியா? அந்த ரூம்லயா?”

கோபப்படுவார் என்றுதான் சின்னவள் நினைத்தாள். அவருக்கு வந்தது கோபம் இல்லை. முகம் வெளுத்துப்போயிற்று. இரண்டே நாளில் ஒட்டடை பெட்டியோடு தெருவில் நின்றாள். போட்டுக்கொடுத்தது யாரென்று அவளுக்குத் தெரியாது. சின்னவளிடமே வந்து அழுதாள். சின்னவள் பெரிய மனசு பண்ணித் தன் அரைக் கட்டிலை அவளுக்கு வாங்கிக் கொடுத்தாள். மாடி அறைக்குத் தான் போனாள்.

சாவியைக் கொடுக்கும்போது கடிகாரக்காரர் ஒன்றுதான் சொன்னார்.

“ராத்திரி நீ உள்ள போனதும் ‘வந்துட்டியா?’ன்னு ஒரு குரல் கேக்கும். ‘வந்துட்டேன்’னு சொல்லிடணும். அவ்வளவுதான். அது யாரு, எதுக்குன்னு என்கிட்ட கேக்காதம்மா. அதுக்குத்தான் வாடகை கம்மி.”

சின்னவள் தலையாட்டினாள். அந்த ஊர் வாடகைக்குப் பேய் பரவாயில்லை என்று தோன்றியதாம்.

முதல் நாள் இரவு. உள்ளே போனாள். தாழ் போட்டாள். துண்டை அந்த ஆணியில் மாட்டினாள். விளக்கை அணைத்தாள்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. சலவைக்காரிக்குத் தெரியாத வாடையா? ஈரம் காயாமல் மடித்துப் பல நாள் மூடிவைத்த துணியின் வாடை. அப்புறம் குரல்... ஒரு சின்னப் பெண்ணின் குரல். ரொம்ப நேரம் காத்திருந்த குரல்.

“வந்துட்டியா?”

“வ... வந்துட்டேன்.”

 தண்டவாளத்தில் ஒரு ரயில் போய் முடிந்தது. அதற்குப் பிறகு, மெதுவாக...

“நீ இல்ல.”

மேஜைப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. கட்டிலுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அதில் யாரோ உட்காருகிற மாதிரி பிரம்பு ‘கிறீச்’ என்றது. விடியும் வரை எழுந்திருக்கவே இல்லை.

மூன்று இரவு இப்படியே. நான்காம் நாள் கல்லூரியில் ஒட்டடையைப் பிடித்தாள்.

“அந்த ரூம்ல... ராத்திரி ஏதாவது சத்தம் கேக்குமாடி?”

ஒட்டடையின் முகம் மலர்ந்தது. “உன்கிட்டயும் பேசுச்சா? பாவம்டி அது. யாரையோ எதிர்பார்த்துட்டே இருக்கு. மொதல்ல பயந்தேன். அப்புறம் ‘வந்துட்டேன்டி தங்கம்’னு சொல்லிப் பழகிடுச்சு. சாப்டியான்னு கேக்கும். குளிருதான்னு கேக்கும். ஊர்ல கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல.”

சின்னவளுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது. அறை கிடைத்தது, ஆணி கிடைத்தது. ஆனால் பேய்க்குக்கூட இவளைத்தான் பிடித்திருக்கிறது...

அன்றைக்கே ஒரு எலுமிச்சை சோப்பு வாங்கினாள். ஒட்டடை எப்படிப் பேசுவாள் என்று கவனித்தாள். மூக்கால் பேசுவாள், அவசரமே இருக்காது. காலணியை ஒன்று கழற்றி, கொஞ்சம் பொறுத்து, இன்னொன்றைக் கழற்றுவாள். எல்லாவற்றையும் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே பழகினாள்.

இரவு. முதல் காலணி... டொப். கொஞ்ச நேரம். இரண்டாவது... டொப்.

“வந்துட்டியா?”

“வந்துட்டேன்டி தங்கம்.”

நாற்காலி நகரவில்லை.

“ஏன் இத்தனை நாள் வரல? சாப்டியா?”

சின்னவள் போர்வைக்குள் அழுதுவிட்டாள். பயத்தில் இல்லை. அந்த நகரத்துக்கு வந்த நாள் முதல் அப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. அதன் பிறகு தினமும் பேசினாள். குரல் கேட்டது, சிரித்தது, தூங்கச் சொன்னது. சின்னவளும் தூங்கினாள். ஆனால் ஒவ்வொரு தங்கமும் ஒட்டடை பெயரில்தான் போய்ச் சேருகிறது என்ற எண்ணம் மட்டும், நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் நடுஇரவு. கொட்டுகிற மழை. கதவு தட்டும் சத்தம். உயரமான இடத்தில், மெதுவாக, மூன்று தட்டு. திறந்தால் ஒட்டடை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உதடு நீலம். காய்ச்சலில் உடம்பு நடுங்குகிறது.

“இருமலா இருக்குன்னு மத்தவங்கல்லாம் சேர்ந்து வெளிய அனுப்பிட்டாங்கடி. ரெண்டே நாள்... இங்க ஒரு ஓரமாப் படுத்துக்கறேன்.”

சின்னவள் கதவை முழுசாகத் திறக்கவில்லை. இவள் உள்ளே வந்தால் குரலுக்குத் தெரிந்துவிடும். உண்மையான ஆள் எது என்று தெரிந்துவிடும். அறையும் போகும், தங்கமும் போகும்.

“இங்க ரெண்டு பேர் தங்கக் கூடாதுடி. உனக்குத் தெரியாதா?”

“தரையில படுத்துக்கறேன். சத்தமே போட மாட்டேன்.”

அப்போது இருட்டுக்குள்ளிருந்து...

“வந்துட்டியா?”

ஒட்டடையின் முகத்தில் காய்ச்சலையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சின்னவள் முந்திக்கொண்டாள். மூக்கால். அவசரமே இல்லாமல்.

“வந்துட்டேன்டி தங்கம்.”

தன் குரல் இன்னொருத்தி வாயிலிருந்து வருவதை ஒட்டடை கேட்டாள். யார் வத்தி வைத்தது என்று அந்த நிமிடம்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.  பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. “வெளியில யாரு?”

மழை கொட்டுகிறது...

“யாரும் இல்ல” என்றாள் சின்னவள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

கதவில் முதுகை வைத்துக் காத்திருந்தாள். அது மரப்படி. பூனை இறங்கினால்கூடச் சத்தம் போடும். ஒரு படிகூடச் சத்தம் போடவில்லை. விடிந்து திறந்தபோது வாசலில் இரண்டு ஈரப் பாதத் தடங்கள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன. கதவைப் பார்த்த பாதங்கள். இறங்கிப் போன தடம் எதுவும் இல்லை.

கல்லூரியில் ஒட்டடையின் இடம் காலி. “ஊருக்குப் போயிருப்பா, கட்டுப்படியாகல போல” என்றார்கள். மாதம் நாலு பேர் அப்படிப் போகிற ஊர் அது. அரைக் கட்டிலுக்கு அன்று மதியமே வேறு ஆள் வந்துவிட்டது. மாமாவிடமிருந்து ஒரு ஃபோன்கூட வரவில்லை.

மறுநாள் இரவிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. உயரமான இடத்தில், மெதுவாக, மூன்று. உள்ளே குரல் கேட்கும், “யாரு?” சின்னவள் சொல்வாள், “யாரும் இல்ல.” அத்தோடு நின்றுவிடும். முதல் மாதம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் புரண்டு படுத்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டாள். அறையைக் காலி பண்ணலாம் என்று நினைப்பாள்... வெளியே என்ன வாடகை என்று விசாரிப்பாள்... திரும்பி வந்து படுத்துவிடுவாள். ஒன்றரை வருஷம்.

கடைசித் தேர்வு முடிந்த நாள். சாயங்காலம் நாலு மணி. நல்ல வெயில். பெட்டி கட்டலாம் என்று மாடி ஏறினாள். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தட்டிவிட்டாள்.

“யாரு?” என்றது அந்தக் குரல்.

பதில் உள்ளேயிருந்தே வந்தது. மூக்கால் பேசும் இன்னொரு குரல். அவசரமே இல்லை.

“யாரும் இல்லடி தங்கம்.”

இரண்டு பேர் சேர்ந்து மெல்லச் சிரித்தார்கள். கதவிடுக்கு வழியாக எலுமிச்சை சோப்பு வாசம் வந்தது.

பின்னாளில் சின்னவளே கம்பவுண்டரிடம் சொன்னாள்: “பயம் அப்புறந்தாண்ணே வந்துச்சு. மொதல்ல வயிறுதான் எரிஞ்சுது.”

பெட்டியை விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். கீழே கடிகாரக்காரர் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்து, அவள் நின்ற பக்கமாகப் பார்த்தார். படியில் ஆளே இல்லாத மாதிரி மறுபடி குனிந்துகொண்டார்.

அவ்வளவுதான் கதை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

போன மாதம் கம்பவுண்டர் காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால், வாசற்படியில் சின்னவள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள். பனியில் தலையெல்லாம் ஈரம்.

“எப்பம்மா வந்தே?”

“ராத்திரியே வந்துட்டேன்ணே.”

“தட்ட வேண்டியதுதான?”

“தட்டினேனே. நீங்ககூட யாருன்னு கேட்டீங்க.”

கம்பவுண்டருக்கு நினைவு வந்தது. தூக்கக் கலக்கத்தில் கேட்டது உண்மைதான். பதிலும் வந்தது. யாரும் இல்லை என்று, பக்கத்திலேயே, ஒரு பெண் குரல். அதனால்தான் அவர் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தார்.

கம்பவுண்டர் கல்யாணம் ஆகாத மனுஷன். அந்த வீட்டில் அவர் மட்டும்தான்.