பாட்டில் இன்னும் இரண்டு வரி இருந்தது

எஸ்.ஐ. மேடம், கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அப்பாவிடமும் செல்வதுரை சாரிடமும் காட்டவே காட்டாதீர்கள். இன்று பகலில் பள்ளிக்கூட ஆபீஸ் ரூமில் நீங்கள் எழுதி, நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் பொய். நீங்கள் எழுதிய அதே முறையில் இப்போது உண்மையை எழுதுகிறேன். அப்பா தூங்கிவிட்டார்.

என் பெயர் முருகேஸ்வரி. தகப்பனார் பெயர் மந்திரமூர்த்தி, பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வயது 15. பத்தாம் வகுப்பு. மாப்பிள்ளையூரணியில் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் குடியிருக்கிறேன்.

இறந்துபோன பெனிஷாவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் அப்பா கடலில் சங்கு குளிக்கப் போகிறவர். பள்ளிகளுக்கு இடையிலான கலைத்திறன் போட்டிக்குச் செல்வதுரை சார் எங்களுக்கு முத்துக்குளிப்புப் பாட்டு ஒன்று பழக்கினார். மேடையில் ஒரு பலகையை எடுத்துவிட்டு, சுற்றிலும் நீலச் சேலைகளைப் பிடித்து ஆட்டுவார்கள். அதுதான் கடல். பெனிஷா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அந்த வழியாக மேடைக்கு அடியில் இறங்குவாள். நான் வேட்டி கட்டி, மீசை வரைந்து, மேலே நின்று கயிற்றைப் பிடித்திருப்பேன். பாட்டு முடிந்ததும் இழுப்பேன். அவள் முத்தோடு ஏறி வருவாள்.

கயிறு கட்டும் விதத்தைச் சொல்லித்தர அவள் அப்பா ஒரு நாள் வந்திருந்தார். அந்தக் காலத்தில் குளிக்கிறவனின் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்களாம். "தங்கச்சி புருசன யாரும் விட்டுர மாட்டான்லா" என்றார். பெனிஷா என் மீசையைத் தொட்டு, "அப்போ இவதாம்ப்பா எம் மச்சான்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு அவர் என்னிடம், "ஒரு தடவ இழுத்தா வேல முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். விடாம இழுத்தா எதையும் பாக்காத, தூக்கிரு மக்கா" என்றார்.

ஆனால் ஒத்திகையில் பெனிஷா கீழே சும்மா இருக்க மாட்டாள். கயிற்றை இழுத்து இழுத்து எனக்குச் சிரிப்புக் காட்டுவாள். நான் இரண்டு தடவை பாட்டு முடியுமுன்பே தூக்கிவிட்டேன். அதன் பிறகு சார், "கயித்தப் பாக்காத, பாட்டப் பாரு. கடைசி வரி முடிஞ்சாத்தான் தூக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போட்டி சனிக்கிழமை நடந்தது. முந்தின நாள் மழை. எங்கள் முறை வருமுன் பெனிஷா மேடைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "சார், கீழ தண்ணி கெடக்கு. லைட்டு வயரும் அதுலதான் கெடக்கு" என்றாள். சார், "கடல்ல தண்ணி இல்லாம இருக்குமாளா? ஏறு, ஏறு, கூப்பிட்டுட்டான்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதன் பிறகு பாட்டு தொடங்கியது. பெனிஷா இறங்கினாள். கயிற்றை என் வலது கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். பாட்டில் இன்னும் இரண்டு வரி இருந்தபோது கயிறு ஒரு தடவை இழுத்தது. "இரிளா, பாட்டு முடியட்டும்" என்று வாய்க்குள் சொன்னேன். அதன் பிறகு விடாமல் இழுத்தது. என் கை முன்னால் போய்ப் போய் வந்தது. விளையாட்டு என்று நினைத்தேன். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடைசி வரிக்கு முன்பே கயிறு நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தது. பாட்டு முடிந்ததும் இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். அப்போதும் கை தட்டினார்கள். சார்தான் உள்ளே எட்டிப் பார்த்து மெயினை அணைக்கச் சொல்லிக் கத்தினார்.

அந்த இரண்டு வரி பாட நாற்பது நொடி ஆகிறது. இப்போது வாய்க்குள் பாடிப் பார்த்தேன்.

போட்டி நடந்த அன்று ராத்திரியே சார் எங்கள் கடைக்கு வந்தார். கரண்ட் அடித்த நொடியிலேயே உயிர் போய்விட்டது, கயிறு ஆடவே இல்லை, தண்ணீர் கிடந்தது யாருக்கும் தெரியாது என்று சொல்லச் சொன்னார். "அவ இழுத்தாள்னு சொன்னா, நீ ஏன் தூக்கலன்னுதான் கேப்பாங்க. ஒம் மேலதான் கேஸ் வரும்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடக்கத்தன்று பெனிஷாவின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எம்புள்ள இழுத்தாளா மக்கா?" என்று கேட்டார். "இல்ல மாமா" என்றேன். அவர் என் வலது கையைப் பார்த்தார். உள்ளங்கையைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம் இருந்தது. சும்மா பிடித்திருந்தால் அப்படித் தடம் விழாது என்று அவருக்குத் தெரியும். நான் கையை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் கை முன்னால் போகிறது. இடது கையால் பிடித்துக்கொண்டு படுக்கிறேன். அப்படியும் இழுக்கிறது.

இதில் உள்ளது எதுவும் யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. நான் பார்த்தது, என் கையில் பட்டது மட்டும்தான். படித்துப் பார்த்துவிட்டேன். சரியாக இருக்கிறது. கையெழுத்து

வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். ஒரு தடவை தட்டி நின்றது. "மக்கா, ஒங் கைய மட்டும் காட்டிரு" என்று பெனிஷாவின் அப்பா குரல். எங்கள் அப்பா எழுந்துவிட்டார், திறக்காதே என்கிறார். இப்போது மாமா விடாமல் தட்டுகிறார். இந்தத் தடவை நான்