அரைத் தட்டு

“மாமா, இந்தப் பொட்டிக்கு அழத் தெரியுமா?” என்று என் தாளப்பெட்டியைத் தொட்டுப் பாப்பாத்தி ஒருநாள் கேட்டாள். செல்லமுத்து அண்ணனின் மகள், ஆறு வயது. என் பிஸ்கட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தெரியாது என்று சொன்னேன். குழந்தையிடம் பொய் சொல்வது பாவம், அய்யா.

அரியலூரில் எங்கள் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். திருவிழாக்களின் ரெக்கார்டு டான்சுக்கு மின்சாரத் தாளப்பெட்டியை வைத்து ஆட்டப்பாட்டு அமைப்பதும் நான்தான். சனங்கள் ஆடினார்கள். முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். ஒருவர் நெஞ்சிலும் எதுவும் தங்கவில்லை. சுருதியை இறக்கினேன், வேகத்தைக் குறைத்தேன். பயனில்லை.

செல்லமுத்து அண்ணன் சாவு வீடுகளில் பறை அடிப்பவர். அதற்கும் சனம் ஆடும், ஆடிக்கொண்டே அழும். பாடையைத் தூக்கும் நேரத்தில் அவர் கை அரைத் தட்டு நின்றுவிட்டுத் தொடரும். எல்லாம் அதில்தான் இருந்தது. எப்படி என்று கேட்டேன்.

“செத்தவன் பொஞ்சாதி மொவத்தப் பாப்பேன், கை தானா நின்னுடும். ஆனா தெரிஞ்ச மொவமா இருக்கணும், லிங்கம். ஒம் பொட்டிக்கு யாரத் தெரியும்? கரண்டு ஆபீஸ்காரனத்தான் தெரியும்” என்று சிரித்தார்.

ஏழு சாவுகளுக்குப் போய் நின்றேன். எல்லாம் அந்நிய முகங்கள். விரல் நிற்கவில்லை. எனக்கென்று யாரும் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே முகம் அண்ணனின் மனைவி செங்கமலத்துடையது. நான்கு வருடம் எனக்குச் சோறு போட்டவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, அண்ணனை ரெட்டிபாளையம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்கு அழைத்துப் போனேன். முதல் கல்லில் அவர் சாகவில்லை. தண்ணீர் கேட்டார். தாகம் என்றவருக்கு இல்லை என்று நான் சொன்னதில்லை, கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு இரண்டு முறை போட்டேன். மண்டை உடைந்தது. கைகளில் மட்டும் அடிபடாமல் பார்த்துக்கொண்டேன். வெயில் கடுமையாக இருந்ததால் உயிர் அடங்கும்வரை முகத்தைத் துண்டால் மூடியிருந்தேன்.

தவறி விழுந்துவிட்டார் என்றது ஊர். மறுநாள் பாடையைத் தூக்கினார்கள். வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்தேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த என் விரல் தானாக நின்றது.

விரல் நின்ற அந்த அரைத் தட்டைப் பெட்டியில் ஏற்றி ஒரு பாட்டு அமைத்தேன். உடையார்பாளையம் திருவிழாவில் அதைப் போட்டோம். ஆடியவர்கள் கண் கலங்கினார்கள். பாப்பாத்தியும் அழுதாள். அவள் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

அடுத்த நாள் காலை டேப்ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு, அண்ணனைப் புதைத்த இடத்துக்குத் தனியாகப் போனேன். முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினேன். கற்றுக்கொடுத்தவருக்குச் செய்ய வேண்டியது அது. நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை. அவருக்கும் எனக்கும் இனி பாக்கி ஒன்றுமில்லை, அய்யா.