நீல பிளசருக்கு வேறு நிறம்

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. வருடம் எழுபத்திரண்டா, எழுபத்து மூன்றா என்பதுகூடத் தெளிவாக இல்லை. தர்மபுரியில் சேலம் சாலையோரம் இருந்த ஒரு பெயிண்ட் கொட்டகையில், என் சைக்கிளைக் கொடுத்துவிட்டு யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போய்விட்டதால் கம்ப்ரசர் ஓடவில்லை. கொட்டகை மேஸ்திரி முனிராஜும், அரூரிலிருந்து தன் நீல நிற வாடகைக் காரை, அன்றைய பேச்சில் பிளசரை, ஓட்டி வந்திருந்த செபாஸ்டினும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குமுன் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை என்றே நினைத்தேன். வார்த்தைகள் சில இடம் மாறியிருக்கலாம். அவர்கள் பேசாமல் இருந்த இடங்கள் மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

முனிராஜ்: ...வெள்ளை வேண்டாங்கண்ணா. நம்ம பக்கத்து செம்மண்ணுக்கு ரெண்டே நாளு. செங்கல் சூளையில இருந்து எடுத்தாந்த மாதிரி ஆயிடும்.

செபாஸ்டின்: நான் தினம் கழுவறவனுங்க மேஸ்திரி.

முனிராஜ்: அது பாத்தாலே தெரியுதுங்களே. மட்கார்டு அடியில கைய வுட்டுப் பாத்தேன். ஒரு பொட்டு மண்ணு இல்ல. மாப்பிள்ளையக்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டாங்க.

செபாஸ்டின்: அப்ப கருப்பு?

முனிராஜ்: உங்க ஊரு தண்ணி எப்படி?

செபாஸ்டின்: உப்புதான்.

முனிராஜ்: அப்ப கருப்பத் தொடாதீங்க. தண்ணி காஞ்ச எடமெல்லாம் தேமல் மாதிரி நிக்கும். கழுவக் கழுவ அசிங்கமாத் தெரியும்.

செபாஸ்டின்: பச்சை...

முனிராஜ்: பச்சை அடிச்சுக்கிட்டு தீர்த்தமலைப் பக்கம் போனா, பாரஸ்ட் ஆபீசர் வர்றாருன்னு வெறகு வெட்டறவன் எல்லாம் ஓடிப் போயிருவான்.

செபாஸ்டின்: சிரிக்க வெக்காதீங்க மேஸ்திரி. சிரிச்சு நாளாச்சு.

முனிராஜ்: ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த நீலத்துக்கு என்ன கேடு? பெயிண்ட் கெட்டியாத்தான் நிக்குது. பின்னாடி எடது பக்கக் கதவு ஒண்ணுதான் தேஞ்சிருக்கு. அங்க மட்டும் பட்டி வெச்சுத் தேச்சு, அதே நீலத்த அடிச்சா போதும். அரை நாள் வேலை.

செபாஸ்டின்: நீலம் வேண்டாங்க.

முனிராஜ்: அந்தக் கதவ எதை வெச்சுத் தேச்சீங்க?

செபாஸ்டின்: நான் இல்லீங்க. வூட்டுல, ராஜமேரி. சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டு... பித்தாள அண்டாவத் தேய்க்கற மாதிரி. பெயிண்ட் போயிரும்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா. கறை போவலைங்கறா.

முனிராஜ்: என்ன கறை?

செபாஸ்டின்: கறையே இல்லீங்க. அதான் சங்கடம்.

முனிராஜ்: ...

செபாஸ்டின்: ஊருல என்னா பேசறாங்கன்னு உங்க காதுக்கும் வந்திருக்கும். நீல பிளசர்னா அரூர்ல யாரும் வண்டின்னு சொல்றதில்ல. பொண வண்டிங்கறாங்க.

முனிராஜ்: கேள்விப்பட்டேன். நீங்க சொல்லி நான் கேட்டதில்ல.

செபாஸ்டின்: சொல்றதுக்கு என்ன இருக்குது. போன வருசம் வரைக்கும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மாலை கட்டி நின்ன வண்டிங்க இது. பொண்ணு வூட்டுக்காரங்க தேதி குறிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, நீல பிளசரு அன்னைக்கு சும்மா இருக்குதான்னு கேப்பாங்க. இப்ப பஸ் ஸ்டாண்டுல நிறுத்தினா பக்கத்துல சைக்கிள்கூட நிறுத்த மாட்டேங்கறான். பங்குச் சாமியார் வந்து மந்திரிச்சுத் தண்ணி தெளிச்சாரு. எங்க ஆளுங்க ரெண்டு பேரு ஏறினாங்க. அதுவும் ஆஸ்பத்திரிக்கு.

முனிராஜ்: வித்துறலாமே.

செபாஸ்டின்: யாரு வாங்குவா? வர்ற ஆவணியிலயும் ஒரு பொண்ணு மாப்பிள்ளை இதுல ஏறலைன்னா, நான் மறுபடி ஏர் புடிக்கப் போவ வேண்டியதுதான். இருந்த காட்டயும் இதுக்காகத்தான் வித்தேன். அடுத்தவன் காட்டுலதான் புடிக்கணும். கலரு மாறினா சனங்க கொஞ்சம் மறப்பாங்க. வேற வண்டின்னு நெனச்சு ஒருத்தன் ஏறிட்டா போதும், அப்புறம் பத்துப் பேரு ஏறுவாங்க. அதனாலதான் அரூர்ல அடிக்காம இங்க கொண்டாந்தேன். நீங்களும் யாருகிட்டயும்...

முனிராஜ்: நான் சொல்ல மாட்டேங்க. வேலை வேற, வாய் வேற.

செபாஸ்டின்: அது போதுங்க.

முனிராஜ்: என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. கரண்ட் வர்ற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கோம்.

செபாஸ்டின்: தீர்த்தமலை அடிவாரத்துல ஒரு ஊருங்க. பெரியண்ணன்னு ஒரு பையன், நல்ல வெவசாயக் குடும்பம். அவன் பொண்டாட்டிக்குத் தலைப்பிரசவம். உச்சி வெயில்ல வந்து வண்டியக் கூப்புட்டாங்க. மாமியா செல்லம்மா கூட ஏறிச்சு. அந்தப் பொண்ண எடது பக்கக் கதவுவழியா ஏத்தி உக்கார வெச்சாங்க. அரூர் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, கல்வெட்டுப் பாலம் தாண்டினதும்... போயிருச்சு. அங்கயே வண்டியத் திருப்பிட்டோம்.

முனிராஜ்: ஆஸ்பத்திரிக்குப் போவலயா?

செபாஸ்டின்: போயி என்ன பண்றது. உசுரு போனதுக்கு அப்புறம்.

முனிராஜ்: அங்க ஒரு சுமைதாங்கி நிக்குதே, அது அந்தப் பொண்ணுக்கு வெச்சதுதானா?

செபாஸ்டின்: ஆமாங்க. வயித்துல புள்ளையோட செத்தவளுக்குக் கல்லு நடறது அவங்க வழக்கம். தலைச்சுமையோட போறவங்க எறக்கி வெச்சு எளைப்பாறினா, அவ பாரம் கொறையும்பாங்க. உசுரு போன எடத்துலயே நடணும்னு சொன்னாங்க. என்னயத்தான் கூட்டிட்டுப் போயி எடம் காட்டச் சொன்னாங்க.

முனிராஜ்: நீங்க காட்டினீங்க.

செபாஸ்டின்: காட்டினேன்.

முனிராஜ்: வழியில அந்தப் பொண்ணு ஏதாவது பேசிச்சா?

செபாஸ்டின்: தண்ணி கேட்டுச்சு.

முனிராஜ்: குடுத்தீங்களா?

செபாஸ்டின்: வண்டியில இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்னு... நிறுத்தல.

முனிராஜ் கலர் அட்டையை எடுத்துத் துணியால் துடைத்தார். அதில் தூசி இருந்ததாகத் தெரியவில்லை.

முனிராஜ்: அந்தக் கல்லு பக்கத்துல ஒரு மண்பானை இருக்கும். பாத்திருக்கீங்களா?

செபாஸ்டின்: பாத்திருக்கேன். அந்தப் பக்கம் சவாரி போறப்பல்லாம் கண்ணுல படும். மேல ஒரு கொட்டாங்குச்சி கவுத்து வெச்சிருக்கும். யாரோ புண்ணியத்துக்கு வெக்கறாங்கன்னு நெனச்சேன்.

முனிராஜ்: எங்கம்மா வெக்கறது.

செபாஸ்டின்: ...என்னாங்க?

முனிராஜ்: குள்ளம்மான்னு பேரு. மாரண்டஹள்ளியில இருந்து அமாவாசைக்கு அமாவாசை பஸ் ஏறி வருது. பாலத்துக்கிட்ட எறங்கி, தூரத்துல ஒரு கெணத்துல இருந்து எடுத்தாந்து ஊத்துது. பழைய தண்ணியக் கொட்டிட்டு, பானையக் கழுவிட்டு. கால்ல வீக்கம். நான் போறேன்மான்னு சொன்னாலும் வுடறதில்ல. எம்பொண்ணு கடைசியா கேட்ட தண்ணி, நான்தான் ஊத்தணும்ங்குது.

செபாஸ்டின்: மேஸ்திரி, நீங்க...

முனிராஜ்: அந்தப் பொண்ணு, தீர்த்தம்மா, என் தங்கச்சிங்க.

செபாஸ்டின்: கடவுளே.

முனிராஜ்: உக்காருங்க. எங்க எந்திரிக்கறீங்க.

செபாஸ்டின்: நான் வண்டிய எடுத்துட்டுப் போயிர்றேன். சேலத்துல அடிச்சுக்கறேன். தெரிஞ்சிருந்தா உங்க முன்னாடி வந்து நின்னு கலரு கேட்டிருப்பேனா?

முனிராஜ்: காலைல நீங்க உள்ள நொழையறப்பவே எனக்குத் தெரியும். எழவுக்குப் போனப்ப, பெரியண்ணன் வூட்டு வேப்பமரத்தடியில இந்த வண்டி நின்னுச்சு. நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு சக்கரத்தக் கழுவிட்டு இருந்தீங்க. நான் ஒங்களப் பாத்தேன். நீங்க யாரையுமே பாக்கல.

செபாஸ்டின்: தெரிஞ்சுமா பச்சை கருப்புன்னு இவ்வளவு நேரம் பேசினீங்க?

முனிராஜ்: வேற எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

செபாஸ்டின்: ...

முனிராஜ்: பெயிண்ட் நான் அடிச்சுத் தரேன். நல்லாவே அடிச்சுத் தரேன். அந்தக் கதவ நானே தேய்க்கறேன், பசங்க கையில குடுக்க மாட்டேன். யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவ நெசமாவே தண்ணி கேட்டாளா?

செபாஸ்டின்: ...

முனிராஜ்: அண்ணா.

செபாஸ்டின்: எதுக்குங்க இப்ப அது.

முனிராஜ்: எங்கம்மா ராத்திரில எந்திரிச்சு உக்காந்துக்குது. ஒரு வாய் தண்ணிக்கு நிறுத்தலையேன்னு ஒங்களத் திட்டுது. நானும் திட்டியிருக்கேன். திட்டறதுக்காகக் கேக்கல. கேட்டாளா, இல்லையா?

வெளியே ஒரு லாரி போனது. அப்புறம் இன்னொன்று போனது.

செபாஸ்டின்: கேக்கலைங்க.

முனிராஜ்: ம்.

செபாஸ்டின்: பஸ் ஸ்டாண்டுல வர்றவன் போறவன் எல்லாம் கேப்பான், கடைசியா என்ன சொல்லிச்சுன்னு. ஒண்ணும் சொல்லலைன்னா ஒருத்தனும் நம்பறதில்ல. ஒரு நாளு, தண்ணி கேட்டுச்சுன்னு வாயில வந்துருச்சு. அதுக்கப்புறம் மாத்த முடியல. நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். அந்தப் பாலத்தத் தாண்டறப்ப எனக்கே தொண்டை வறண்டு போவும்.

முனிராஜ்: அப்ப ஒண்ணுமே பேசலையா?

செபாஸ்டின்: பேசற நெலைமையில இல்லீங்க.

முனிராஜ்: மயக்கமா?

செபாஸ்டின்: மயக்கம்னுதான் சொன்னாங்க. தூக்கி ஏத்தறப்ப நானும் ஒரு கை குடுத்தேன். கை வெச்சதுமே தெரிஞ்சு போச்சு. சில்லுனு... வெறைச்சு... நான் பின்னாடி நகந்தேன். பெரியண்ணன் என் காலப் புடிச்சுக்கிட்டான். ரெண்டு நாளா வலியில கெடந்தா, ஊரு மருத்துவச்சியே போதும்னு வெச்சுட்டோம், பொறந்த வூட்டுக்குத் தெரிஞ்சா அவங்க மூஞ்சியில முழிக்க முடியாதுன்னு அழுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியில போச்சுன்னு இருக்கட்டும், நீ வண்டிய மட்டும் ஓட்டுன்னான். ரோட்டுல போறவங்க பாக்கணுமே. அதுக்காக உக்கார வெச்சாங்க. தலையில ஒரு துண்டப் போத்தி, மாமியாக்காரி தோள்ல சாச்சு வெச்சுக்கிட்டாங்க. வழிநெடுக அந்தம்மா பேசிக்கிட்டே வந்துச்சுங்க. கொஞ்சம் பொறுத்துக்கடி கண்ணு, இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சுன்னு. நான் கண்ணாடியப் பாக்காமலே ஓட்டினேன். பாலம் வந்ததும் என்னால முடியல. அங்க ஒண்ணும் நடக்கலைங்க. நான் பயந்துபோயி திருப்பின எடம் அது. அந்த எடத்துலதான் கல்லு நிக்குது.

முனிராஜ்: ...

செபாஸ்டின்: சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்பகூட இதச் சொல்லலைங்க. ராஜமேரிக்குத் தெரியாது. இப்ப ஒங்ககிட்டதான்... ஏதாவது பேசுங்க மேஸ்திரி. நாலு அடி வேணும்னாலும் அடிச்சுருங்க. இப்படிச் சும்மா இருக்காதீங்க.

முனிராஜ்: வண்டியில ஏத்தறப்பவே அவ உசுரோட இல்லைங்கறது எனக்குத் தெரியுங்கண்ணா. எழவு சொல்ல அவங்க ஊருல இருந்து வந்த ஆளு, காலைல பத்து மணிக்கே எங்க வூட்டு வாசல்ல நின்னுட்டான். ஒங்க வண்டியக் கூப்புட்டது உச்சி வெயில்ல. ஆளை அனுப்பிட்டு, அப்புறமா உக்காந்து இந்தக் கதையக் கட்டியிருக்காங்க. அனுப்பின ஆளை யாருக்கும் ஞாபகம் வரல. அவன் சொன்னப்ப எங்கம்மா காட்டுல களை எடுத்துட்டு இருந்துச்சு. ஒடம்பு சரியில்லையாம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். அங்க போனதும், வண்டி வெச்சு எடுத்துட்டுப் போனோம், வழியில போயிருச்சுன்னாங்க. எம்பொண்ணுக்காக பிளசரு வெச்சாங்களான்னு எங்கம்மா ஒரு வார்த்தை கேட்டுச்சு, அதுலயே கொஞ்சம் மனசு ஆறின மாதிரி. அதக் கேட்டதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கல. ஆனா அவ தண்ணி கேட்டான்னு நீங்க சொன்னதா காதுல வுழுந்ததுல இருந்து எனக்கும் ஒரு நப்பாசை. எழவு சொன்னவன் அவசரப்பட்டுட்டானோ, உசுரு இருந்திருக்குமோ, நெசமாவே காப்பாத்தத்தான் கொண்டு போனாங்களோன்னு... ஒரு வருசமா அந்த ஒரு வாய்த் தண்ணியப் புடிச்சுக்கிட்டுத்தான் நானும் இருந்தேன். பரவாயில்ல, எந்திரிங்க. எங்கம்மா எங்கயாவது ஒங்களப் பாத்துக் கேட்டுச்சுன்னா, அவ தண்ணி கேட்டான்னே சொல்லுங்க. கரண்ட் வந்துருச்சு. சந்தனக் கலரு அடிச்சுரலாம், நம்ம மண்ணு பட்டாலும் அவ்வளவாத் தெரியாது.

கார் சந்தன நிறத்தில் அரூருக்குத் திரும்பியது. அந்த ஆவணியில் இரண்டு கல்யாணச் சவாரிகள் கிடைத்ததாகவும், பிறகு நம்பரைப் பார்த்து, இது அந்தப் பழைய நீல வண்டிதான் என்று யாரோ சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். செபாஸ்டின் வண்டியைப் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, அரூரில் ஒரு மண்டிக்கு லாரி ஓட்டினார். ராஜமேரிக்கு அவர் எதையும் சொல்லவில்லை. பெரியண்ணன் மறுமணம் செய்துகொண்டு அதே ஊரில் இருந்தான். செல்லம்மாள் படுக்கையில் விழுந்து, பேச்சில்லாமல் கிடந்து இறந்தார். குள்ளம்மாள் எழுபத்தெட்டாம் வருடம் இறந்தார். முனிராஜ் கொட்டகையை மூடிவிட்டு மாரண்டஹள்ளிக்கே போய்விட்டார்.